தேறினவர்களும் தகுதி பெற்றவர்களும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளைப் படித்து வந்தவர்களுக்கு (நம்மில் பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் படித்தவர்கள்தான்) ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். குறைந்தபட்சப் பொதுக் கல்வித் தகுதி என்ற தலைப்பின் கீழ் அது வரும். எஸ்.எஸ்.எல்.சி. பொதுத் தேர்வில், மேல்நிலைப் படிப்பிலோ கல்லூரிப் படிப்பிலோ சேர்வதற்கான தகுதியுடன், தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை தேடி அலைந்த நாட்களில் இதை யாரும் நின்று படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. வெகுநாள் கழித்து, ஒரு நண்பரின் மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. தேர்ச்சி பெற்றால் போதாதா? ‘தகுதியுடன் தேர்ச்சி’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால், தகுதி இல்லாத தேர்ச்சி என்று ஒன்று எங்காவது இருந்திருக்க வேண்டுமே?

இருந்தது. பள்ளியை முடிப்பது வேறு, கல்லூரிக்குள் நுழைவது வேறு என்று இரண்டு கோடுகள் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியை அரசு காப்பாற்றி வந்திருக்கிறது. முதல் கோட்டைத் தாண்டி வருகிறவர்களின் கூட்டம் பெருகும்போதெல்லாம் இரண்டாவது கோடு இடம் மாறியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது, சில சமயம் வேறு ஊருக்கே போயிருக்கிறது. நம்முடைய இடஒதுக்கீட்டு விவாதங்கள் பெரும்பாலும் இரண்டாவது கோட்டின் இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. கோடு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

என் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புக் இப்போது என்னிடம் இருக்கிறது. தாள் அல்ல, புத்தகம். அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் ‘எஸ்.எஸ்.எல்.சி. புக்’ என்றுதான் சொல்வார்கள். கனத்த அட்டை. உள்ளே பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி. அப்புறம் அங்க அடையாளங்கள் இரண்டு. இடது முழங்கையில் ஒரு மச்சம், நெற்றியில் ஒரு தழும்பு. பிறந்த தேதி ஜூன் 1 என்று இருக்கிறது. “அவன் ஐப்பசி அடமழையில பொறந்தவன்டா, கூரை ஒழுகி நான் முறத்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்று பாட்டி சொல்லுவாள். வாத்தியார் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கணக்குப் பார்த்து ஜூன் 1 என்று போட்டுவிட்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறை முழுக்க மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பது இப்படித்தான். சாதியின் பெயரையும் தலைமையாசிரியர் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் யாரும் அதை அப்படி உச்சரித்ததில்லை.

இந்த இடத்தில் ஃபூக்கோவைக் கூப்பிடாமல் போனால் நம் பத்திரிகைகளில் கோபித்துக்கொள்வார்கள். 1975ல் வந்த ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் அவர் தேர்வு என்பதைப் பற்றி எழுதியிருப்பது நமக்குப் பழக்கமானதுதான். தேர்வு மனிதனைப் பார்வைக்குக் கொண்டுவந்து, அவனை ஓர் ஆவணமாக்கி, தனிநபராக, ஒப்பிடத்தக்க ஓர் அலகாக ஆக்குகிறது. சரி. ஆனால் அப்பாவின் புக்கைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிகிறது. முதல் பக்கம் அவரை மச்சத்தோடும் தழும்போடும் தனி உடலாகப் பதிவு செய்கிறது. அதே பக்கம் அவரை ஒரு சாதிக்குள் போட்டும் பூட்டுகிறது. மதிப்பெண் பக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பாரிஸில் தனிநபரை உற்பத்தி செய்த தேர்வு, காலனிய சென்னையில் தனிநபரையும் வகுப்பையும் ஒரே அட்டைக்குள் தைத்துக் கொடுத்தது. எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது என்பதில்தான் பிற்பாடு அரசியலே நடந்தது.

கதை 1857ல் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டு. பல்கலைக்கழகம் முதலில் செய்த வேலை பாடம் நடத்துவதல்ல, தேர்வு நடத்துவது. மெட்ரிகுலேஷன் என்பது அதன் நுழைவுத் தேர்வு. சொல்லின் மூலப்பொருளே பதிவேட்டில் பெயர் ஏறுவது என்பதுதான். பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும், சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும், யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள் என்பது தமிழ்நாட்டுப் பெருமிதக்காரர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டிய செய்தி. இதில் நமக்கு வேண்டியது வேறு. உயர்நிலைப் பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு முடிவு அப்போது இருக்கவில்லை. கல்லூரியின் வாசல்படிதான் பள்ளியின் கடைசிப் படியும். பள்ளியில் பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் மெட்ரிகுலேஷனில் தவறிவிட்டால் அவன் எதையும் முடித்தவனாக ஆவதில்லை. ‘மெட்ரிக் பெயில்’ என்பதே ஒரு படிப்பாக, கல்யாணச் சந்தையிலும் மளிகைக் கடைக் கணக்கு வேலையிலும் செல்லுபடியானதற்கு இதுதான் காரணம்.

1911ல் சென்னை மாகாண அரசு எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ். அதன் மூல வடிவில் பாஸ், பெயில் என்ற தீர்ப்பு கிடையாது என்பதை இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளியில் ஆண்டு முழுக்க வாங்கிய மதிப்பெண்களும் பொதுத் தேர்வு மதிப்பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவேடு அது. படித்தாய், இவ்வளவு வாங்கினாய், இதோ உன் புத்தகம், போய் வா. பள்ளிக்கு முதல்முறையாகத் தனக்கென்று ஒரு முடிவு கிடைத்தது. கருத்தளவில் நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். காலனிய அதிகாரிகள் செய்தார்கள் என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கல்லூரிக்கு ‘எலிஜிபிள்’ என்று தீர்மானிக்கும் உரிமை பல்கலைக்கழகத்திடமே இருந்தது. எலிஜிபிள் ஆனவர்களின் பட்டியல் தனி. ஆக ‘எஸ்.எஸ்.எல்.சி. கம்ப்ளீட்டட்’ என்று ஒரு ஜாதி, ‘எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிள்’ என்று இன்னொரு ஜாதி. தேர்வாணைய அறிவிக்கையில் இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வால் இங்கிருந்து முளைத்ததுதான்.

இந்த ஏற்பாட்டில் விதி எவ்வளவு இறுக்கமானது என்று கேட்டால், ஆளைப் பொறுத்தது. ராமானுஜன் 1903ல் மெட்ரிகுலேஷன் தேறியவர். அதன் பிறகு கும்பகோணத்திலும் சென்னை பச்சையப்பனிலுமாக எஃப்.ஏ. படித்தும் தேறவில்லை, கணிதம் தவிர மற்றவற்றில் தவறினார். பட்டமில்லாத அவருக்கு 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கொடுத்தது சரி. தேர்வு மேதையைக் கண்டுபிடிக்காது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. நான் கவனிப்பது வேறொன்று. அவருக்காக விதியை வளைக்கச் சொல்லி எழுதவும் பேசவும் கணக்கு தெரிந்த, பதவியில் இருந்த மனிதர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். அதே ஆண்டுகளில் எஃப்.ஏ. தவறிய ஒரு சேரிப் பையனுக்காகக் கடிதம் எழுத யார் இருந்தார்கள்? அப்படி ஒரு பையன் எஃப்.ஏ. வரைக்கும் போய்த் தவறுவதே பெரிய சாதனையாக இருந்த காலம்.

‘எலிஜிபிள்’ ஆனவர்களில் யாரைச் சேர்ப்பது என்பது கல்லூரி முதல்வரின் விருப்பமாக இருந்தது. 1922ல் நீதிக்கட்சி அரசு கை வைத்தது இங்கேதான். கல்லூரிகளில் சேர்க்கைக் குழுக்கள் அமைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. வகுப்புவாரி உரிமையின் வரலாற்றில் வேலைவாய்ப்பு ஆணைகளைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். இந்தச் சேர்க்கைக் குழு உத்தரவு அவற்றுக்குக் குறைந்ததல்ல. கதவைத் திறக்கும் கை யாருடையது என்ற கேள்வியை அது முதன்முதலாகக் கேட்டது.

1947ல் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணையின் கணக்கு பலருக்கும் நினைவிருக்கும். 14 இடங்களை எடுத்துக்கொண்டால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து 1950ல் இரண்டு மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. ஒன்று மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் போட்டது. மற்றது பொறியியல் கல்லூரி தொடர்பாக சி.ஆர். சீனிவாசன் போட்டது. ஆணை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அரசமைப்பின் 29(2) பிரிவு, மதம், சாதி காரணமாக மட்டும் யாருக்கும் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது என்றார்கள். பெரியார் தெருவுக்கு வந்தார். அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. இதெல்லாம் தெரிந்த கதை. செண்பகம் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பதும், அதை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்திருக்கிறது என்பதும் கூட இப்போது தெரிந்த கதைதான்.

தெரியாத கதை, அல்லது நாம் தாண்டிப் போகிற கதை, தீர்ப்பில் வரும் எண்களில் இருக்கிறது. அப்போதைய சென்னை மாநிலத்தில் (ஆந்திரமும் மலபாரும் சேர்ந்தது) நான்கு மருத்துவக் கல்லூரிகள், மொத்தம் 330 இடங்கள். பொறியியலுக்கும் நான்கு கல்லூரிகள், 395 இடங்கள். மருத்துவ இடங்களில் 17 வெளிமாநிலத்தாருக்கு, 12 அரசின் விருப்பத்துக்கு. மிச்சத்தை மாவட்டங்களின் நான்கு தொகுதிகளாகப் பிரித்து, அதற்குள் வகுப்புவாரிக் கணக்கு. சீனிவாசன் இண்டர்மீடியட்டில் விருப்பப் பாடங்களில் 450க்கு 369 வாங்கியவர். மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் தனக்கு இடம் கிடைத்திருக்கும் என்பது அவர் வாதம். இருக்கலாம். தீர்ப்பைப் படிக்கிறவனுக்கு அவர் ஒரு பெயராக, ஒரு மதிப்பெண்ணாக, அநியாயம் செய்யப்பட்ட ஒரு மனிதராகத் தெரிகிறார். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் 6, 2, 2 என்ற எண்களாகவே தெரிகிறார்கள். அந்த இடத்தில் சேரப்போகிற ஒரு நெசவாளியின் மகனுக்கோ வெட்டியானின் பேரனுக்கோ அந்தத் தீர்ப்பில் முகமில்லை. ஒருவரின் எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் மதிப்பெண் பக்கமும், மற்றவர்களின் புக்கில் சாதிப் பக்கமும் திறந்து வைக்கப்பட்டு நடந்த விசாரணை அது. ‘தகுதி’ என்ற சொல்லாடல் அன்றிலிருந்து இந்த இலக்கணத்தில்தான் பேசி வருகிறது. தகுதி தனிமனிதனுடையது, சலுகை கூட்டத்தினுடையது என்று.

மாவட்டத் தொகுதி ஏற்பாட்டுக்கும் ஆயுள் கெட்டியில்லை. மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்ததை 1968ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அப்படிப் பிரிக்காவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகள் தங்கள் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான் பிரிப்புக்குச் சொல்லப்பட்ட நியாயம். அது தகுதியைப் பலி கொடுப்பது என்று நீதிமன்றம் பார்த்தது. நகரத்தில் இருப்பதே மதிப்பெண்ணாக மாறுகிறது என்ற உண்மை வெளிப்படையாகச் சொல்லப்பட்டு, வெளிப்படையாகவே ஒதுக்கப்பட்டது. (அதே வழக்கில் பிற்பட்டோர் பட்டியல் செல்லும் என்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.)

மதிப்பெண் இருந்தும் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு, அது இன்டர்வியூ. 1970ல் பெரியகருப்பன் வழக்கு வந்தபோது மருத்துவச் சேர்க்கைக்கான நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., உடல்திறன், பொதுத்திறன், நாட்டம் என்று தலைப்புகள். வேட்டியைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு, இங்கிலீஷில் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போதே வேர்த்துப்போய் இறங்கியவனின் ‘பொதுத்திறன்’ எவ்வளவு இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தேர்வு முறையில் தன்னிச்சை புகுந்திருந்ததை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. சிபாரிசுக் கடிதம், எம்.எல்.ஏ., பணம் என்று ஊர் பேசிய கதைகள் தனி.

இந்த இரண்டாவது கோட்டின் கதை கோர்ட்டுகளில் நடந்துகொண்டிருந்தபோது, முதல் கோட்டில் பெரிய கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. காமராஜர் ஆட்சியில் திறந்த பள்ளிகளின் பிள்ளைகள் 1960களில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். இங்கிலீஷில் 31. ரிசல்ட் பேப்பரில் நம்பர் வரும். பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு பேப்பரை இருபது பேர் பிடித்துக்கொண்டு பார்ப்பார்களாம். “நம்பர் வரலைன்னா ஊருக்குள்ள போற கடைசி பஸ்ஸுலதான் போவோம், இருட்டிடும்ல” என்பார் அப்பா. தேறாதவர்களைச் சேர்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் டுடோரியல் காலேஜ்கள் வந்தன. காலேஜ் என்று பெயர் இருந்த ஒரே காலேஜ் அதுதான் பலருக்கும். தமிழில் படித்து, தமிழில் கணக்கும் அறிவியலும் சரித்திரமும் எழுதித் தேறி, ஒரு மொழிப் பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைந்ததால் பள்ளியையே முடிக்காதவர்களாகிப் போனவர்கள் எத்தனை பேர்! 1911ன் அந்தப் பதிவேடு, எல்லாப் பாடங்களையும் ஒரே கயிற்றில் கட்டி ஒன்று அறுந்தால் எல்லாம் விழும்படியான ஒரு பாஸ்-பெயில் இயந்திரமாக எப்போதோ மாறிவிட்டிருந்தது.

1978ல் பிளஸ் ஒன் வந்தது. 1980ல் முதல் பிளஸ் டூ தேர்வு. அதுவரை பதினொன்றாம் வகுப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. படித்தார்கள். இப்போது எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கிற்று, கல்லூரியின் முன்வாசல் மேல்நிலைப் பள்ளிக்குள் வந்துவிட்டது. நிர்வாகச் சீர்திருத்தமாகத்தான் இதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் கிராமத்து உயர்நிலைப் பள்ளிகள் எல்லாம் மேல்நிலையாகிவிடவில்லை. பத்தோடு பள்ளி முடிந்த ஊர்களில், மேலே படிக்க எட்டு மைல், பத்து மைல் போக வேண்டும். பெண் பிள்ளைகளை நிறுத்துவதற்கு அந்த மைல்களே போதுமானதாக இருந்தன. ஒரு பொதுத் தேர்வு இரண்டானது. பத்தில் 35 எடுத்தால் ஒரு கோடு, பன்னிரண்டில் 200க்கு 70 எடுத்தால் இன்னொன்று. ‘எஸ்.எஸ்.எல்.சி.’ என்ற பெயர் அப்படியே இருக்க, அதன் கனம் பாதியாகிவிட்டது. எங்கள் வீடுகளில் பத்தாவது தேறியதற்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அது எதற்கும் போதாத ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது.

1984ல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. இன்டர்வியூ ஒழிந்தது. இதைப் பற்றி நம் நண்பர்களிடையே நிறைய மனச்சாய்வு உண்டு, நியாயமாகப் பேச வேண்டும். இன்டர்வியூவோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான். முகம் பார்க்காத, வேட்டி பார்க்காத விடைத்தாள். பிளஸ் டூ மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, மொத்தம் 300. நான் எழுதியிருக்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதையே அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகரத்துப் பையன் அதுபோல முப்பது மாதிரித் தேர்வு எழுதிப் பழகியிருந்தான். அந்த நூறு மதிப்பெண்ணைச் சுற்றிக் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. போதாதென்று ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்று ஒன்று இருந்தது. தேறிய பாடத்தையே மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு வருஷம் சும்மா வீட்டில் உட்கார வசதி உள்ளவனுக்கு மட்டுமே அந்த உரிமையால் பயன்.

நுழைவுத் தேர்வை ஒழிக்க மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. 2005ல் ஜெயலலிதா அரசின் ஆணை, உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2006 தொடக்கத்தில் கொண்டுவந்த சட்டமும் விழுந்தது. அந்த ஆண்டு ஆட்சி மாறியபின் அனந்தகிருஷ்ணன் குழு அமைத்து, அதன் அடிப்படையில் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கி 2007லிருந்து நடைமுறைக்கு வந்தது. இந்த முறை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு கழகங்களும் அடுத்தடுத்து ஒரே திசையில் தள்ளிய அபூர்வம் இது. பள்ளியை முடிப்பதும் கல்லூரிக்குத் தகுதி பெறுவதும் ஒரே தேர்வாக, பிளஸ் டூவாக, இங்கே ஆனது. ஒன்பது பத்து வருஷம் அது நீடித்தது.

அந்த வருஷங்களைப் பொற்காலமாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிராமத்துப் பிள்ளைகள், பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் கணிசமாக உள்ளே போனார்கள் என்பது உண்மை. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போனது மிகச் சொற்பம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளிகள் எழுந்தன. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்து 1200க்கு 1190 எடுக்க வைத்தார்கள். பிராய்லர் பள்ளி என்று நாமே கேலி செய்தோம். முதல் கோடும் இரண்டாவது கோடும் ஒன்றான இடத்தில் சந்தை வந்து கடை போட்டுக்கொண்டது. நீட் வேண்டும் என்று வாதாடியவர்கள் இந்தப் பலவீனத்தைத்தான் சரியாகத் தொட்டார்கள். நம்மிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கவில்லை. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வைப்பது என்ற முடிவு 2017ல்தான் வந்தது. 2025ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதையும் வேண்டாமென்றுவிட்டது.

நீட் 2013ல் உச்ச நீதிமன்றத்தால் தள்ளப்பட்டு, 2016ல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, 2017ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளோடு இந்தக் கட்டுரை போட்டியிடப் போவதில்லை. நான் அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஆண்டில், ஒரே மாணவியைப் பற்றி, இரண்டு அரசுகள் கொடுத்த இரண்டு சான்றிதழ்கள். மாநில அரசு அவர் பள்ளியைச் சிறப்பாக முடித்தார் என்றது. மத்திய அரசின் தேர்வு அவருக்குத் தகுதி இல்லை என்றது. ‘கம்ப்ளீட்டட்’, ‘எலிஜிபிள்’. நீட்டின் முழுப் பெயரிலேயே தகுதி என்ற சொல் முதலில் வருகிறது, நுழைவு பின்னால் வருகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1911ல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் இருந்த அந்தச் சொல் நூறாண்டு கழித்து டெல்லிக்குப் போய்விட்டது.

அந்தத் தகுதி என்ன உயரத்தில் இருக்கிறது? நீட்டில் தகுதி மதிப்பெண்ணாக நிர்ணயிக்கப்படுவதில்லை, எழுதியவர்களில் பாதிப்பேரைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற விகிதமாக நிர்ணயிக்கப்படுகிறது. 2018ல் பொதுப் பிரிவுக்கு அது 720க்கு 119ல் வந்து நின்றது. நூற்றுக்குப் பதினேழு கூட இல்லை. என் அப்பா இங்கிலீஷில் நூற்றுக்கு 31 எடுத்துப் பள்ளியை முடிக்காதவராகிப் போனார். 119 எடுத்தவர், பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களில் பாதி மதிப்பெண்ணும், தனியார் கல்லூரிக் கட்டணமும் கையில் இருந்தால், மருத்துவம் படிக்கத் தகுதியானவர். அதே 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. தமிழில் எழுதியவர்களுக்குக் கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தர வேண்டும் என்று மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. தகுதிக் கோட்டை விடப் பெரிய தொகை! உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023ல் முதுகலை நீட்டில் இடங்கள் காலியாகக் கிடக்க, தகுதி விகிதத்தைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். எழுதியவர் எல்லோரும் தகுதியானவர். 1951ல் 369 என்ற எண்ணைத் தூக்கிப் பிடித்த குரல்கள் பூஜ்யத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

தமிழ்நாடு 2017லும், ஏ.கே. ராஜன் குழு அறிக்கைக்குப் பின் 2021லும், ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022லும் விலக்கு மசோதாக்களை நிறைவேற்றியது. கடைசி மசோதாவுக்கும் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இடையில் 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 400 இடங்கள். நீட்டுக்கு எதிரான எல்லாத் தீர்மானங்களையும் விட அரசுப் பள்ளியின் வாசலில் கண்ணால் பார்க்க முடிந்த மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது நீட்டின் இரண்டாவது கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு செய்யப்பட்டது என்பதும், பிளஸ் டூ மட்டுமே கோடாக இருந்த அந்தப் பத்து வருஷத்தில் இதை ஏன் நாம் செய்யவில்லை என்பதும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை.

அப்பா டுடோரியலில் சேர்ந்து இரண்டு முறை எழுதினார். மூன்றாம் முறைக்குக் கட்ட வேண்டிய பீஸ் பாட்டியின் மருந்துக்குப் போயிற்று. அந்த புக் பெட்டிக்குள் போய்விட்டது. 1989ல் நான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போதுதான் அது மறுபடி வெளியே வந்தது. சாதிச் சான்றிதழுக்குத் தகப்பனாரின் பள்ளி ஆவணம் வேண்டும் என்றார்கள். அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வந்தார். கிளார்க் முதல் பக்கத்தைத் திறந்தார். சாதி என்ற இடத்தில் விரலை வைத்து, என் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தார். “பெரியவரே, எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அப்பா “ஆமாங்க” என்றார். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.